கொட்டியாரக் குடா அலைகளும் பழி சுமந்த டிஸ்க்கும்

"புது டிஸ்க் வாங்கினால் எல்லாம் சரி" என்று டிஸ்க் விற்பவரே சொன்னால் நான் நம்பமாட்டேன். அதனால்தான் வாடைக்காற்றுக்கு முன் கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் போனேன்.

துறைமுகப் பக்கம் ஒரு சிறிய ஆய்வகம். கொட்டியாரக் குடாவின் அலைகளைக் கணினிகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். நடத்துபவர் சுகந்தி அக்கா, பல்கலைக்கழகத்தில் என் சீனியர். கட்டைபறிச்சானில் கட்டவிருக்கும் இறங்குதுறையின் வாய் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பது அவருடைய கணக்கில்தான் தெரியும். துறை கட்டுபவர்களின் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் அது முடியாவிட்டால் பழைய வரைபடத்தையே ஏற்றுவிடுவார்கள். கணக்கோ நகரவே இல்லை. டிஸ்க்தான் மெதுவு, புதிது வாங்குங்கள் என்றாராம் கடைக்காரர்; அதற்குமுன் வந்து பார் என்று அக்கா என்னைக் கூப்பிட்டார்.

வெள்ளி காலை ஐந்தரை பஸ். ஏறத்தாழ 180 கிலோமீற்றர், பதினொன்றரைக்கு இறங்கினேன். இரண்டு கிலோமீற்றருக்கு ஓட்டோக்காரர் ஆயிரம் கேட்டார்.

"அண்ணை, மீற்றர் எங்க?"

"மீற்றர் கொழும்பில தம்பி. இஞ்ச என்ர வாய்தான்."

அறுநூறுக்கு இறங்கினார். அதுவும் கூடுதல்தான்.

போலி டிஸ்க் என்பதுதான் என் முதல் சந்தேகம். தனியே சோதித்தேன், சொன்ன வேகத்தில் எழுதியது. வயர்களும் சரி. ஆனால் கணினிகள் பெரும்பாலான நேரம், எழுதி முடியட்டும் என்று சும்மா காத்திருந்தன. எல்லாக் கணினிகளும் எழுதும் பொதுச் சேமிப்பைத் திறந்தால் எண்ணமுடியாத குட்டிக் கோப்புகள்.

"அக்கா, கணக்கின்ர ஒவ்வொரு படிக்கும் முழுக் கடலையும் சேவ் பண்ணுறீங்களோ?"

"ஓம். கரண்ட் நிண்டா?"

"அதுக்காக?"

"கடிதம் அடிக்கேக்கையே வரிக்கொருக்கா சேவ் பண்ணி வளந்த ஆக்கள் நாங்கள். தெரியாத மாதிரிக் கதைக்காதேயும்."

"மணித்தியாலத்துக்கு ஒருக்கா சேவ் பண்ணினாலே காணும்."

"ஏலாது. போனா நீரோ வந்து கடலைத் திருப்பி ஓட்டுவீர்?"

கரண்ட் போனால் கணினிகளைப் பற்றரி தாங்கும்தானே என்றேன். தாங்கும் என்றுதான் விற்றார்களாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். பற்றரி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அக்காவின் பயத்துக்குக் காரணம் இருந்தது.

அரை மணிக்கு ஒருமுறை என்று இணங்கினோம். குட்டிக் கோப்புகளைச் சேர்த்து ஒரே பெரிய கோப்பாக்கினேன். முதலில் அந்தந்தக் கணினியின் டிஸ்க்கில் எழுதும்; பொதுச் சேமிப்புக்கு நகல் பின்னால் ஆறுதலாகப் போகும். சனி பின்னேரம் கரண்ட் நின்றது. அக்கா என்னைப் பார்த்த பார்வை! கரண்ட் வந்ததும், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து ஓட்டம் தொடர்ந்தது. ஞாயிறு மாலை முடிந்தது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: டிஸ்க் வாங்குமுன் எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். எவ்வளவு வேலை இழந்தால் தாங்கலாம் என்று கணக்கிட்டுச் சேமிப்பு இடைவெளியை வையுங்கள். பற்றரியைப் பற்றி யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கணக்கின்படி, பழைய வரைபடத்தில் துறையின் வாய் அலைக்கு நேரே திறந்திருந்தது. திங்கள் கூட்டத்தில் அக்கா அதைக் காட்டினார்; திருத்துவதாகத் தலையாட்டினார்களாம். திருத்தியபடி கல் இறங்கட்டும், அப்போது நம்புகிறேன்.