மேடையின் உயரம்

2010இல் மஞ்சக்குப்பத்தில், பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் கான்ட்ராக்ட் தொழில் நடத்திக்கொண்டிருந்தேன். எஸ்டிமேட் போடும் சாஃப்ட்வேர் ஒன்று வாங்கி, வீட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நானே அதில் ஏற்றினேன். எதுவும் விட்டுப்போகவில்லை என்று எனக்கு அசாத்திய நம்பிக்கை.

முதலில் எடுத்துப்போனது சிதம்பரத்தில் ஒரு வீட்டுக்கு. துபாயிலிருந்து திரும்பியிருந்த பாய் ஹாலில் உட்கார்ந்திருந்தார். சமையலறைக் கேள்விகள் வந்ததும் லேப்டாப்பை அவர் மனைவி பக்கம் திருப்பினேன். சிங்க் எங்கே, மிக்ஸி எங்கே, எந்த கிரானைட்? சமையல் மேடையின் உயரத்தை மட்டும் கேட்கவில்லை. பெண்கள் உயரத்துக்கு சாஃப்ட்வேரே போட்டுக்கொள்ளும்படி வைத்திருந்தேன்.

அந்த அம்மா சிரித்தார். "எங்கிட்ட ஏம்மா கேக்குற? ஆக்குறது அவுங்கதான்."

பாய் எழுந்து நின்றார். நல்ல உயரம். "துபாய் ரூம்ல எல்லாருக்கும் நான்தாம்மா ஆக்குவேன். இங்க மேடை குட்டை. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வலி ஜாஸ்தியாப் போச்சு. அதுக்குத்தான் இடிக்கவே சொல்றேன்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனைக்கும் என் வீட்டில் தோசை ஊற்றுவதே என் கணவர்தான்.

அங்கேயே முதல் கேள்வியை மாற்றினேன்: "இந்த வீட்டில் சமைப்பது யார்?" இன்றும் பதில் வந்ததும் டேப்பை எடுத்து முதலில் அந்த ஆளைத்தான் அளக்கிறேன். சுவரெல்லாம் அப்புறம்.