எட்டுக் கதவும் ஒரு கல்யாணமும்

பழைய வீடுகளைப் பிரித்து, தூண், கதவு, நிலை என்று உள்ளே இருப்பதையெல்லாம் ஓட்டல்காரர்களுக்கு விற்பது என் பிழைப்பு. காரைக்குடியில் கடை. படித்தது எட்டாவது, மீதியெல்லாம் சனங்கள் பேசக் கேட்டுக் கற்றது.

கோட்டையூரில் ஒரு வீடு. பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கடைசியாக ஒரு கல்யாணம் மட்டும் நடக்கட்டும், அப்புறம் பிரித்துக்கொள் என்றார்கள். எந்த ஊரில் பிழைத்தாலும் பெண்ணுக்குத் தாலி ஏறுவது சொந்த வீட்டு வளவில்தான் என்பது செட்டியார் வீட்டு வழக்கம். நடுவே வானம் தெரிய, சுற்றிலும் அறைகள் இருக்குமே, அந்த இடம்தான் வளவு.

நான் ஒரு அவசரக்குடுக்கை. ஆசாரி வேலையில்லாமல் இருக்கிறாரே என்று, வளவைச் சுற்றியிருந்த எட்டு அறைக் கதவுகளையும் முன்னதாகவே கழற்றி, சாக்பீஸால் நம்பர் போட்டுப் பின்கட்டில் அடுக்கிவிட்டேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பெண்ணின் தாயார் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினார். அவர் பிறந்து வளர்ந்த வீடு இது; புருஷன் வீட்டு வளவு எப்போதோ இடிந்துவிட்டதால் கல்யாணம் இங்கே. என் வயதுதான் இருக்கும். ஆனாலும் செட்டியார் வீட்டுப் பெண் என்றால் எந்த வயதிலும் ஆச்சிதான்.

“என்ன அண்ணே, கல்யாண வீட்டைப் பல்லுப் புடுங்குன வாய் மாதிரி ஆக்கி வச்சிருக்கீக?”

தப்பு என்னுடையது. இருந்தும் அந்தப் பேச்சை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. “நாளைக்கே மாட்டிருவோம் ஆச்சி” என்றேன்.

“மாட்டுங்க. இல்லைன்னா, தாலி ஏறுறதுக்குள்ள கதவைக் கழட்டி வித்துட்டாகன்னு எம்பொண்ணு காலம்பூரா மாமியா வீட்டுல பேச்சுக் கேக்கணும்.”

மறுநாள் போனால் கதவெல்லாம் பளபளவென்று இருக்கின்றன. வீடு கழுவ வந்த பெண்கள் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். நம்பர் ஒன்றுகூட இல்லை. “என்னமோ கிறுக்கி வச்சிருந்துச்சு, தொடச்சுட்டோம்” என்று பெருமை வேறு.

பார்வைக்கு எட்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் கையால் இழைத்த கதவு. ஒன்றின் குடுமி, அதாவது கதவு சுழல்கிற முளை, இன்னொன்றின் குழியில் உட்காராது. மதியம்வரை தூக்கித் தூக்கி வைத்தோம். “இது கதவா, முறுக்கிக்கிட்ட மாப்பிள்ளையா?” என்று ஆசாரி உட்கார்ந்துவிட்டார்.

ஆச்சி வந்து ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார்.

“இந்தக் கீறல் எந்தம்பி ஆணியால கிழிச்சது. அந்த மூலைக்குத் தூக்குங்க. இது மழை பேஞ்சா இறுகிக்கிரும், சித்தப்பா அறை. இது நான் கோவிச்சுக்கிட்டுப் போய்ச் சாத்திக்கிற கதவு. தாழ்ப்பா வளைஞ்சிருக்கு பாருங்க, எங்க அப்பச்சி தள்ளித் தெறந்தது. கிழக்க ரெண்டாவது.” அப்பச்சி என்றால் அவர்கள் பேச்சில் அப்பா.

சாயங்காலத்துக்குள் எட்டும் ஏறிவிட்டன. கல்யாணத்தன்று சம்பந்தி ஒருவர் ஒரு கதவைத் தட்டிப் பார்த்து, “நல்லா வச்சிருக்கீக” என்றார். ஆச்சி என் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் சிரித்திருப்பார்.

மறுபடி கழற்றும்போது நான் சாக்பீஸைத் தொடவில்லை. கதவின் பின்பக்கத்திலும் நிலையிலும் பெயிண்டால் ஆச்சி சொன்னதையே எழுதினேன். ‘தம்பி கீறியது.’ ‘மழைக்கு இறுகுவது.’ ஆச்சி வாசித்துக்கொண்டே வந்து, நான் இன்னும் எழுதாத கடைசிக் கதவில் நின்றார்.

“இதுல என்ன எழுத?” என்று கேட்டேன்.

“கோவத்துக்குச் சாத்துறதுன்னு போடுங்க. வாங்குறவுகளுக்கும் ஒண்ணு வேணும்ல.”

போன மாதம், கதவுகளை வாங்கிய ஓட்டலின் ஆசாரி போன் செய்தார். “எல்லாம் சேந்துருச்சுண்ணே. கோவக் கதவுல மட்டும் தாழ்ப்பா விழ மாட்டேங்குது. நிமித்திரவா?”

“நிமித்தாதப்பா” என்றேன். “அது அவுக அப்பச்சி தள்ளித் தெறந்தது.”