முதல் காப்பி வாட்ச்

கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கேட்டில் சலான் எழுதுவது என் வேலை. லாரி வெளியே போகும்போது ஒரு தடவை அழுத்தி எழுதினால், கார்பன் வழியாக மூன்று தாளில் விழும். வெள்ளைத் தாள் முதல் காப்பி, சரக்கு வாங்குகிறவருக்கு. ரோஸ் இரண்டாவது, ஆபீசுக்கு. மஞ்சள் மூன்றாவது, புத்தகத்திலேயே இருக்கும். முதல் காப்பியில்தான் எழுத்து தெளிவாக இருக்கும், சீலும் அதில்தான் குத்துவோம். அதுதான் அசல். இத்தனை வருடமும் ஃபர்ஸ்ட் காப்பி என்றால் எனக்கு அதுதான் அர்த்தம்.

புவனகிரியில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தாய்மாமன் நான் ஒருவன்தான். மோதிரம் அக்கா போடுவது, வாட்ச் நான் கட்டுவது என்று பேச்சு. மாப்பிள்ளைக்குப் பிடித்த வாட்சின் படத்தை அக்கா மகள் போனில் அனுப்பினாள்.

"இதேதான் மாமா. வேற கம்பெனி வாங்கிடாத. அவுங்க வீட்ல எல்லாத்தயும் உத்துப் பாப்பாங்க."

ஷோரூம் வாசல் வரை போனேன். வெளியிலிருந்தே விலை தெரிந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டேன். கம்பெனி லாரி டிரைவரிடம் சொன்னபோது அவர் தன் போனை நீட்டினார்.

"அண்ணே, இத பாரு. அதே வாட்ச்சு. ஃபர்ஸ்ட் காப்பி. ஷோரூம் வெலயில கால்வாசிகூட இல்ல."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. மட்டமாக இரண்டாவது, மூன்றாவது காப்பியும் விற்பார்கள் போல, நாம் முதல் காப்பியே வாங்கிவிடுவோம் என்று நினைத்தேன். டிரைவருக்கு அர்த்தம் தெரியும். எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

போனில் விற்கிறவன் முழுப் பணத்தையும் முன்பே அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். "கண்டிப்பா ரெண்டு நாள்ல வந்துரும் ப்ரோ" என்று பதில் வந்தது. நான்கு நாள் கழித்துக் கேட்டேன், அதே பதில். ஒரு வாரம் கழித்துக் கேட்டேன், அதே பதில். கடைசியில் வந்த பார்சலுக்குள் ரோஸ் கலர் பட்டையோடு குழந்தைகள் கட்டும் வாட்ச் இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்தால்தான் மாற்றித் தருவானாம். ஒரு கையில் பார்சல், மறு கையில் பிளேடு வைத்திருக்கிறவன் எந்தக் கையால் வீடியோ எடுப்பது? போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எனக்குப் பேச வந்திருக்காது. "சார் கல்யாணம் சார்" என்று மட்டும் தினமும் அனுப்பினேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் படத்தில் இருந்த வாட்சே வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சிதம்பரம் போனதும், செயினைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று மேல வீதியில் ஒரு வாட்ச் கடைக்குப் போனேன். கடைக்காரர் லென்சை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வாங்குனீங்க?"

"போன்ல. ஃபர்ஸ்ட் காப்பிங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"பரவால்லியே, காப்பின்னு நீங்களே ஒத்துக்கறீங்க. ஒரிஜினல்னு எங்கிட்டயே அடிச்சு பேசுவாங்க சில பேரு."

"ஃபர்ஸ்ட் காப்பின்னா ஒரிஜினல்தானங்க?"

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "டூப்ளிகேட்டுண்ணே. டூப்ளிகேட்லயே ஒசத்தின்னு சொல்றதுக்கு அந்தப் பேரு. இதுல அந்த ஒசத்தியும் இல்ல. உள்ள மூணு சின்ன வட்டம் இருக்கு பாருங்க, அந்த முள்ளு எதுவும் ஓடாது. சும்மா ஒட்டி வச்சிருக்கான்."

செயினில் இரண்டு கண்ணியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மண்டபத்தில் அக்கா என் கையிலிருந்து பெட்டியை வாங்கி சம்பந்தியம்மாவிடம் திறந்து காட்டினாள். "எந்தம்பி கடலூர்லேர்ந்து கொண்டாந்தது. மாப்ள கேட்ட அதே கம்பெனி." அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா. சாப்ட்டியா?"

"இதுக்கா கூப்ட்ட? போடா, வேல ஜாஸ்தியா கெடக்குது."

மறுநாள் காலையில் மாப்பிள்ளை கையில் வாட்சைக் கட்டினேன். கொக்கி சட்டென்று மாட்டவில்லை. போட்டோக்காரர் விடவில்லை. "மாமா, கைய எடுங்க, வாட்ச் நல்லா தெரியட்டும்."

இரண்டு மாதம் கழித்து இருவரையும் கடலூருக்கு விருந்துக்கு அழைத்திருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வாட்ச் நின்னுபோச்சு மாமா. பில்லு குடுத்தீங்கன்னா பாண்டி ஷோரூம்ல காட்டிடுவேன். வாரண்டி இருக்கும்ல?"

நாள் முழுக்கச் சலான் எழுதுகிற என்னிடம் ஒரே ஒரு தாளைக் கேட்டார். அது இல்லை.

"நீங்க எதுக்கு அலையணும் மாப்ள? குடுங்க, நானே குடுத்து வாங்கியாரேன்."

உடனே கழற்றிக் கொடுத்துவிட்டார். ஓடாத வாட்சை அதுவரை ஏன் கட்டியிருந்தார் என்று தெரியவில்லை. நான் பார்க்க வேண்டும் என்று இருக்கலாம்.

இப்போது அது கேட்டில் என் மேசை டிராயரில், கார்பன் தாளுக்கு அடியில் கிடக்கிறது. மேல வீதிக் கடைக்காரர் உள்ளே இருக்கும் மெஷினே வீண் என்றுவிட்டார். விற்றவனுக்கு நான் அனுப்புவது எதுவும் இப்போது போய்ச் சேருவதில்லை. புதிதாக ஒன்று வாங்க என்னால் ஆகாது. உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பேச்சு வாங்கிக்கொண்டு நிற்கப்போவது நான் இல்லை, அக்கா மகள்.

நேற்று அக்கா மகள் போனில் அனுப்பியிருந்தாள்: "மாமா, வாட்ச் இன்னா ஆச்சு? உங்க மாமா ஷோரூம்ல குடுத்தாரா, அடகுக் கடையில குடுத்தாரான்னு இங்க எங்க அத்தை கேக்கறாங்க."

வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவசரமாக டைப் செய்தேன்.

"கண்டிப்பா ரெண்டு நாள்ல வந்துரும்மா."

இதோடு ஐந்தாவது தடவை.