ஓரத்தில் எழுதிய பெயர்

புத்தகம் கட்டும் அவருக்குத் தெரு வைத்த பெயர் ஸ்கேல். கோணலாகத் தொங்கும் காலண்டரைக் கண்டால், அடுத்தவர் வீடென்றும் பாராமல் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். மனைவி மடித்துவைத்த போர்வையைப் பிரித்து, மூலைக்கு மூலை சேர்த்து மறுபடி மடிப்பார். "என்னையும் மெஷின்ல குடுத்து நாலு ஓரமும் வெட்டிடுங்க, நிம்மதியா இருக்கும்" என்பாள் அவள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. அட்டைக் கட்டு, பசை வாளி, நூல் கண்டு, சுவரோரம் கட்டிங் மெஷின். வக்கீல் வீட்டுக் கட்டுகள் வரும், பள்ளிக்கூடத்துப் பதிவேடுகள் வரும். எதையும் அவர் படித்ததில்லை. படிக்க உட்கார்ந்தால் பிழைப்பு ஓடாது என்பது அவர் கட்சி. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அத்தை, அதாவது அவருடைய அப்பாவின் அக்கா, தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆபீஸில் சொற்களை எண்ணி எண்ணிச் சிக்கனம் பிடித்ததற்கெல்லாம் வீட்டில் வட்டியோடு பேசித் தீர்ப்பவள். சின்ன வயதில் அவள் எதிர்த்துப் பேசினாலும் சரி, சத்தமாகச் சிரித்தாலும் சரி, பெரியவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "அப்படியே அவளை உரிச்சு வெச்சிருக்கு."

அந்த 'அவள்' அத்தையின் தாத்தாவைப் பெற்றவள். பிள்ளைக்குப் பேச்சு வருவதற்குள் வீட்டை விட்டுப் போய்விட்டாளாம். ஏன் போனாள், எங்கே போனாள், எவரும் வாய் திறக்கவில்லை. 'சொல்லாமப் போனவ' என்ற பட்டம்தான் மிச்சம்.

"ஆயுசு பூரா அவளுக்குச் சேர வேண்டிய திட்டை நான் வாங்கியிருக்கேன். அவ பேராவது எனக்குத் தெரிய வேணாமா?" என்று அத்தை தேடக் கிளம்பினாள். வீட்டுப் பத்திரத்தில் 'மேற்படியார் மனைவி' என்று மட்டும் இருந்தது. குடும்பப் போட்டோவில் அவள் இருந்த இடத்தை யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள். குழந்தையின் தோளில் நாலு விரல்கள் மட்டும் தப்பியிருந்தன. பதிவாளர் ஆபீஸில் அந்த வருஷத்துப் புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தது. கடைசியில், பிறப்பு இறப்பு எழுதிவைத்த குடும்பப் புத்தகம் ஒரு சித்தப்பா மகன் வீட்டுப் பரணில் அகப்பட்டது. நூல் இற்று, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"தொட்டா உதிருது. நீ முதல்ல கட்டிக் குடு, அப்புறம் நான் நிதானமா படிச்சுக்கிறேன்" என்று குழந்தையைத் தருவதுபோலத் தந்துவிட்டுப் போனாள்.

அவரும் குறை வைக்கவில்லை. தாள் தாளாகப் பிரித்து, கிழிசலுக்கு மெல்லிய காகிதம் ஒட்டி, பொறுமையாகத் தைத்தார். பழைய புத்தகத்தை ஓரம் வெட்டக் கூடாதென்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் பிசிறடித்து நின்ற அந்த ஓரத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. மெஷினில் வைத்து ஒரு அழுத்து. வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல இறங்கியது. அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அட்டை போட்டு, பாரம் வைத்துக் காயவிட்டு எடுத்தபிறகுதான் பசை எங்காவது கசிந்திருக்கிறதா என்று பக்கங்களைப் புரட்டினார். அத்தையின் தாத்தா பிறந்த பதிவுக்குப் பக்கத்தில், ஓரத்தில், வேறு மையில் பொடியாக ஒரு வரி: 'என்னைப் பெற்றவள்'. அதற்குமேல் தாள் இல்லை.

வெட்டிய துண்டுகளைப் பழைய பேப்பர்காரன் மூட்டையோடு கொண்டுபோயிருந்தான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். "எல்லாம் மில்லுக்குப் போயிடுச்சே அண்ணே. எதாவது ரூபா நோட்டு சேந்து வந்துடுச்சா?" என்றான் அவன்.

அத்தை பட்டறையிலேயே உட்கார்ந்து படித்தாள். அந்தப் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இது தாத்தா கையெழுத்துடா. இடது பக்கமா சாயும்." மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "பாரேன். எழுத வந்த மனுஷன், பேர் வந்த இடத்துல நிறுத்திட்டாரு. பெத்தவ பேரை எழுத அவருக்கே வெக்கமா இருந்திருக்கு."

சொல்லிவிடு என்று நெஞ்சு இடித்தது. அவர் பசை வாளியைக் கிளறிக்கொண்டிருந்தார். செத்துப்போன மனிதர் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கிறோமே என்று கூசியது. கூசியும் வாளியைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக் காலண்டர் கோணலாகத் தொங்கியது, அவர் கண்ணில் படவில்லை. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அத்தை வீட்டுக்குப் போனார். கூடத்தில், அவள் உயிராக வைத்திருந்த தாத்தா படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"கழட்டி வெச்சுட்டேன். பாக்கவே பிடிக்கல."

"அத்தை, அவர் எழுதியிருந்தாரு. நான்தான் ஓரத்தோட வெட்டிட்டேன்."

வாங்கப்போகும் திட்டுக்குத் தயாராகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். வாய் ஓயாத அந்த மனுஷி சுவரிலிருந்த ஆணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதியிருந்தாரா?"

"ஆமா அத்தை."

"நிஜமா?"

"வரி வெட்டின இடம் வரைக்கும் ஓடுது. மிச்சம் துண்டோட போயிடுச்சு."

திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. "போகட்டும், எழுதியிருந்தாரே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவரைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"எவ்வளவு அகலம் வெட்டின? கையில காட்டு."

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். அத்தை தன் விரல்களை அதன்மேல் வைத்து அந்த அளவை எடுத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானா? அப்ப சின்னப் பேருதான்."

அந்த இடைவெளியில் அடங்கக்கூடிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். ஒரு பெயர் சொல்வாள், தைக்கும்போது அவர் கண்ணில் பட்ட பெயராக இருக்குமோ என்று முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள். அடுத்த பெயர் சொல்வாள், மறுபடி பார்ப்பாள்.