ஒன்பது அங்குலச் சேணம்

பதுளையில் எங்கள் வீடு பாதைக்குக் கீழே இருக்கிறது. வாசலுக்கு வரப் பதினேழு படிகள். என் மருமகன் அந்தப் படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பதினேழு படிகளும் இறங்கி வந்தபோது, நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றேன். எனக்குத்தான் கொண்டுவருகிறான் என்று நினைத்தேன். என் வீட்டுக்கு வருவது வேறு யாருக்காக இருக்க முடியும்?

"சின்ன மாமாவுக்கு" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. "கழிச்சுப் போட இருந்தாங்க. நான் கேட்டு வாங்கிட்டேன்."

மருமகனுக்குக் கித்துல்கலையில் வேலை. உல்லாசப் பயணிகளை ரப்பர் படகில் ஏற்றிப் பாறைகளுக்கிடையே பாயும் ஆற்றில் கூட்டிப்போவான். அவன் கொண்டுவந்தது கயாக் எனப்படும் ஒற்றை ஆள் படகு. தோடம்பழம் மாதிரி ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக். நீளம் எட்டடிக்கு மூன்று அங்குலம் குறைவு. நடுவில் ஆள் இறங்கி உட்கார ஒரு துவாரம். அடிப்பக்கத்துக் கீறல்களை எண்ணத் தொடங்கி அறுபத்திரண்டில் நிறுத்தினேன்.

சின்ன மாமா என்பது என் மனைவியின் தம்பி. என்னைவிட ஐந்து வயது இளையவன். லுணுகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். நான் முப்பத்து மூன்று வருடம் கணிதம் படிப்பித்தவன். மருமகன் என்னைக் கண்டால் எழுந்து நிற்பான், டீவியின் சத்தத்தைக் குறைப்பான். மைத்துனனைக் கண்டால் சிரிப்பான். ஒருமுறை அவனை இரண்டு நாள் கித்துல்கலைக்குக் கூட்டிப்போனான். அதன் பிறகு நான்கு மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் அதே கதைதான். "தண்ணி எந்தப் பக்கம் இழுக்கும்னு சின்ன மாமா பார்த்த ஒடனே சொல்லிடுறாரு." என்னை ஒருநாள்கூடக் கூப்பிடவில்லை. எனக்கு நீந்தத் தெரியுமா என்றுகூட அவன் கேட்டதில்லை. தெரியும்.

கயாக்கில் காலை நீட்டி உட்கார வேண்டும். மைத்துனனால் அது முடியாது. தொழிற்சாலை மேல்மாடிப் படியில் சறுக்கி விழுந்ததிலிருந்து பத்து நிமிடம் கால் நீட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் முழங்காலில் நாள் முழுக்க நிற்பான். கொழுந்து அரைக்கும் ரோலருக்கு அடியில் மண்டியிட்டே வயதானவன் அவன். ஆகவே கயாக்கைக் கனூ ஆக்கிவிடலாம் என்று மருமகன் திட்டம் போட்டான். உள்ளே இருக்கும் சீட்டைக் கழற்றிவிட்டு நடுவில் ஒரு சேணம் வைப்பது. குதிரைமேல் இருப்பதுபோல இருபுறமும் காலைப் போட்டு மண்டியிட்டு, ஒற்றைத் துடுப்பால் வலிப்பது.

"சேணத்த ஆளுக்கு அளந்துதான் செய்யணும்" என்றான். "ஒருத்தருக்குச் செஞ்சது இன்னொருத்தருக்கு ஆகாது. அளவு நீங்க எடுங்க மாமா. நீங்க அளந்தா யாரும் திருப்பிப் பார்க்க வேண்டியதில்ல."

அது உண்மை. எங்கள் குடும்பத்தில் கல்யாணச் சாப்பாட்டு இலையிலிருந்து கூரைத் தகரம் வரை நான் சொல்வதுதான் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனன் விறாந்தையில் மண்டியிட்டான். குதிகாலுக்கும் பின்புறத்துக்கும் இடையில் பழைய பேப்பர்களை அடுக்கிக்கொண்டே போனேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆ, இப்ப கால் மரக்கல" என்றான். மனைவியின் தையல் நாடாவைத் தரையிலிருந்து வைத்துப் பார்த்தேன். ஒன்பது அங்குலம். அவனுக்குப் பாதம் பெரிது, பத்தாம் இலக்கச் சப்பாத்து. அந்தப் பாதம் சேணத்துக்கு அடியில் மடங்கிக் கிடக்க அவ்வளவு உயரம் வேண்டும்.

அன்று பின்னேரம் அவர்கள் எல்லோரும் கோயிலுக்குப் போன பிறகு, நான் அதே பேப்பர்களை அதேபோல் அடுக்கி மண்டியிட்டேன். எனக்கு ஏழரை.

கொப்பியில் ஏழரை என்றே எழுதினேன். காரணமும் வைத்திருந்தேன்: சேணம் உயர்ந்தால் படகு ஆடும், தாழ்ந்தால் ஆடாது என்று மருமகனே சொல்லியிருந்தான். மைத்துனனின் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் நினைத்தது இதுதான்: அவனுக்குச் சரிவராது, ஒரு தடவை ஏறிப் பார்ப்பான், விட்டுவிடுவான். பிறகு படகு யாருக்கு?

செருப்புக்கு அடிபோடும் தடித்த பஞ்சுத் தகடுகளைப் பஸாரில் வாங்கினோம். ஒரு தகடு ஒன்றரை அங்குலம். ஐந்து தகடு ஏழரை, ஆறு தகடு ஒன்பது. மைத்துனன் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக் கொண்டுவந்து, தேயிலைச் செடியை வெட்டுவதுபோலவே சாய்த்துச் சாய்த்துச் செதுக்கினான். தொடைக்கு இருபுறமும் பள்ளம், அடியில் பாதம் நுழைய இடம், முழங்காலுக்கு இரண்டு மெத்தை. தொடையை இறுக்கப் பழைய வான் வண்டியின் சீட் பெல்ட். இரண்டு பக்கமும் அலகு வைத்த துடுப்பை நடுவில் அறுத்து, கொய்யாக் கட்டையில் குறுக்குப் பிடி போட்டான். மருமகன் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தான்.

ஒட்டுவதற்கு முன் மைத்துனன் ஐந்து தகட்டையும் அடுக்கிப் பார்த்தான். "மச்சான், கொஞ்சம் தாழ்வாத் தெரியலையா?"

"ஏழரை மாப்ள. எழுதி வச்சிருக்கேன்."

"ஏழரையா? சனி புடிச்ச அளவால்ல இருக்கு" என்று சிரித்தான். "சரி, நீங்க சொன்னா சரிதான்." பசையைத் தடவி ஒட்டிவிட்டான்.

அடுத்த ஞாயிறு மஹியங்கனைப் பக்கத்தில் ஒரு குளத்துக்குப் போனோம். முதலை உண்டா என்று கரையில் நின்ற மூன்று பேரிடம் தனித்தனியாக விசாரித்தேன். மூவரும் இல்லை என்றார்கள். மனைவி மரத்தடியில் சோற்றுப் பொட்டலங்களோடு உட்கார்ந்தாள். மார்பளவுத் தண்ணீரில் படகுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் கொஞ்சம் தள்ளி மருமகன்.

மைத்துனன் மண்டியிட்டு, பாதங்களைச் சேணத்தின் அடியில் நெருக்கித் திணித்து, பெல்ட்டை இறுக்கினான். பத்துப் பன்னிரண்டு தரம் வலித்தான். படகு வட்டம் போட்டது. பிறகு நேராகப் போனது. "பாருங்க மாமா, பாருங்க" என்றான் மருமகன். திரும்பி வரும்போது என்னிடமிருந்து ஆறடியில் ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது.

ஆரஞ்சு அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு. அவிழ்ந்த பெல்ட்டின் நுனி படகோரத்தில் தெரிந்தது. மூன்று, நான்கு. ஆள் வரவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. ஏழு வரை எண்ணிக்கொண்டு நின்றேன். எண்ணாமல் இருந்திருந்தால் இரண்டிலேயே படகை எட்டியிருப்பேன். மருமகன் பாய்ந்து வந்து படகின் விளிம்பைப் பிடித்த பிறகுதான் என் கையும் போனது. இருவரும் சேர்ந்து புரட்டினோம்.

மைத்துனன் சேணத்தில் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தான். இருமினான், தண்ணீரைக் கக்கினான். "கால் வரல" என்றான். கரைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காலை ஒவ்வொன்றாக உருவினோம். இரண்டு கணுக்காலிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

மனைவி ஓடிவந்து தன் சேலைத் தலைப்பால் அவன் தலையைத் துவட்டினாள். அவன் சேணத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தான். பிறகு என்னிடம், "நீங்க ஒருக்கா ஏறிப் பாருங்க மச்சான்" என்றான்.

"எனக்கெதுக்கு" என்றேன்.

"சும்மா ஏறுங்க. தரையிலதானே கெடக்கு."

மருமகனும் பார்த்துக்கொண்டிருந்தான். ஏறினேன். முழங்கால் மெத்தையில் பதிந்தது. பாதம் அடியில் இலேசாகப் போய்ப் படுத்தது. ஓரிடத்திலும் இடிக்கவில்லை.

"அளந்து தச்ச சட்டை மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகம் மாறியது.

மைத்துனன் எழுந்து, நொண்டிக்கொண்டே போய் ஒரு சோற்றுப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். "மொதல்ல சாப்பிடுங்க" என்றான். அவன் கத்தியிருந்தால் எனக்கும் கத்த ஏதாவது கிடைத்திருக்கும். "ஒன்பது" என்று சொன்னேன். "ஒன்பதுதான் இருந்திச்சு."

"தெரியும் மச்சான்" என்றான்.

கணுக்கால் ஆற இரண்டு வாரம் பிடித்தது. ஆறாவது தகட்டை அவனே வாங்கி வந்து ஒட்டினான். மனைவி தன் தையல் நாடாவால் அளந்து ஒன்பது என்றாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் நாற்காலியில் பேப்பரோடு இருந்தேன். அந்த உயரத்தில் எனக்கு முழங்கால் மெத்தையில் பதியாது. இனி அது அவன் படகு.

மாதம் ஒருமுறை குளத்துக்குப் போகிறோம். அவன் நடுக்குளத்துப் பட்டமரத்தைச் சுற்றி வருவான். முதுகை நிமிர்த்தி, ஒரு பக்கமே வலித்துக்கொண்டு, படகு கோணாமல். கரையில் நின்று நான், இன்றும் பொறாமையோடுதான், சுற்றுகளை எண்ணுவேன். போன தடவை கரைக்கு வந்து, "எத்தன சுத்து மச்சான்?" என்று கேட்டான்.

"பதினாலு."

அவன் துடுப்பை மடியில் வைத்துவிட்டு மருமகன் பக்கம் திரும்பினான். மருமகனும் எண்ணியிருந்தான்; சரி என்று தலையை ஆட்டினான்.

"பதினாலா, பரவால்ல" என்றான் மைத்துனன்.