கோப்பையில் ஏறிய முகம்

மகளின் பிறந்தநாளுக்குப் பெயர் அச்சிட்ட கோப்பைகள் வாங்க மண்டி மொஹல்லாவில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, அதிகம் இமைக்காத கண்கள். சூட்டு இயந்திரத்திலிருந்து வந்த ஒவ்வொரு கோப்பையையும் வாங்கி, அதிலிருந்த படத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். படம் அவருடையதுதான்.

“அறுபதாம் கல்யாணமா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க, என்னோட கருமாதிக்கு. வர்றவங்களுக்குக் குடுக்கணும். என் சம்சாரத்துக்கு அவசரத்துல அடிச்சோம். ரெண்டு தடவ கழுவுனதும் அவ மொகமே போயிருச்சு.”

“உங்க உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லீங்க. அடுத்த மாசந்தான்.”

கடைக்காரர் தலை நிமிரவே இல்லை. பெரியவர் ஒரு கோப்பையை என் கையில் வைத்தார். சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.

“நீங்க வர மாட்டீங்க. இப்பவே வச்சுக்குங்க.”

வாங்கிக்கொண்டேன். வருடம் ஒன்றாகிவிட்டது. அதில் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. தூக்கிப் போடவும் துணியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யார் இவர் என்று கேட்கிறார்கள். தெரிந்தவர் என்கிறேன். இருக்கிறாரா என்று கேட்டால்தான் எனக்குப் பதில் தெரியாது.