ஏக்கம் இருந்த இடத்தில் பசி

கல்யாணமான முதல் ஆடியில் என் மனைவியை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். புது ஜோடியை ஆடியில் சேர்த்து வைத்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம். ராஜபாளையத்தில் நான் தனியாக நின்றேன். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. புருஷனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்காக இருக்கிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன். வரவில்லை.

போனில் பேசலாமே என்பீர்கள். அந்த வீட்டில் அவள் போனைத் தொட்டால் போதும், "யாரு, மாப்பிள்ளையா?" என்று எல்லா அறையிலிருந்தும் குரல் வரும். கொழுந்தியாள் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டுவாள். ஆனால் என் மனைவி லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் வீடே அடங்கிவிடும். "பிள்ள வேல பாக்குது, சத்தம் போடாதீக" என்று பக்கத்தில் காபி வேறு வந்து உட்காரும்.

எங்கள் இருவருக்குமே வீட்டிலிருந்து பார்க்கிற கம்பெனி வேலை. பழகுவதற்காக நான் இணையத்தில் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த சர்வர் ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஒரு கோப்பு உண்டாக்கி, இருவரும் அவரவர் ஊரிலிருந்து அதற்குள் நுழைந்து மாற்றி மாற்றி எழுதுவது என்று ஏற்பாடு. பொத்தான், படம் எதுவும் இல்லாத பழைய மாதிரி எடிட்டர், எல்லாவற்றுக்கும் கட்டளைதான். முதன்முதலாக அதைத் திறந்த அன்று வெளியே வரத் தெரியாமல் கம்ப்யூட்டரையே அணைத்தவன் நான். அவளுக்கு அது கைவந்த கலை.

முதல் வாரமே ஒரு புலம்பல் எழுதினேன். எனக்கு எழுத்து நன்றாக வரும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக் கெடுத்திருந்தார்கள். "காலையில் எழுந்தால் ஏக்கம். பழைய பஸ் ஸ்டாண்டைக் கடந்தால் ஏக்கம். நிலாவைப் பார்த்தால் ஏக்கம்" என்று வரிக்கு வரி போட்டு நிரப்பி, கடைசி வரியில் "எனக்கு ஏக்கம். உனக்கு ஏக்கம் இல்லையா?" என்று கேட்டு முடித்தேன். சேமித்துவிட்டு நானே ஒரு தடவை படித்துக் கண்கலங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் திறந்தேன். காலையில் எழுந்தால் பசி. பழைய பஸ் ஸ்டாண்டைக் கடந்தால் பசி. நிலாவைப் பார்த்தால் பசி.

ஒரே ஒரு வரிக் கட்டளையில் முடித்திருந்தாள். கோப்பு முழுக்க இந்தச் சொல்லைத் தேடு, அந்த இடத்தில் அந்தச் சொல்லை வை என்றால் அது வைத்துவிடும். என் காவியம் கண்ணிமைக்கிற நேரத்தில் சோற்றுக்கு அலைகிறவனின் வாக்குமூலம் ஆகிவிட்டது. சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: நான் இங்கே கிடந்து தவிக்கிற மாதிரி அவள் அங்கே கொஞ்சமாவது தவிக்கிறாளா? இரண்டு கேலிக்காரர்கள் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. ஒழுங்காகக் கேட்கவும் வராது, ஒழுங்கான பதிலும் வராது.

என் ஏக்கம் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று, அந்த எடிட்டரில் தேடுவதற்கான கட்டளையான சாய்கோட்டைப் போட்டுத் தேடினேன். கர்சர் ஓடிப்போய்க் கடைசி வரியில் நின்றது. "எனக்கு பசி. உனக்கு ஏக்கம் இல்லையா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கட்டளையின் வாலில் g என்ற எழுத்தைப் போடாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முதலில் வருவதை மட்டும்தான் மாற்றும். அந்த வரியில் மட்டும் இரண்டு ஏக்கம். கெட்டிக்காரி சறுக்கிவிட்டாள்! "ஜி போட மறந்துட்டியே! ஒண்ணு தப்பிச்சிருச்சு பாரு" என்று கீழே எழுதினேன். பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

அதற்குப் பதிலாக மாமியாரின் போன் வந்தது, என் அம்மாவுக்கு. பேசி முடித்து என் அறைக்கு வந்த அம்மாவின் முகம் சரியில்லை.

"ஏலே, நான் ஒனக்குச் சோறு போடலையா?"

"யாரு சொன்னா?"

"ஒன் மாமியா சொல்லுதா. மாப்பிள்ள பசியாக் கெடக்காராம், நிலாவப் பாத்தாக்கூட பசிக்காம். ஆடிப்பூரத் தேரன்னைக்குச் சாப்பிட அனுப்பி வைக்கணுமாம். காலைல ஏழு இட்லி தின்ன வாயால இந்த வார்த்த வரலாமாலே?"

எந்தப் பதில் சொன்னாலும் போக முடியாமல் போய்விடும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

தேரன்று ரத வீதிக் கூட்டத்தில் நசுங்கி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இலை போட்டார்கள். மாமியார் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"பசிக்குன்னு சொல்ல இம்புட்டு கூச்சமா மாப்ள? ஏட்டி, அந்த அவியலக் கொண்டா. வடைய வை. என்ன பாத்துக்கிட்டு நிக்க?"

என் மனைவி வைத்துக்கொண்டே இருந்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கீழுதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. இலைக்கு மேலே கையை விரித்துத் தடுத்தேன். விரல் இடுக்கு வழியாகச் சாதம் விழுந்தது. பசிக்கிறது என்று எழுதிக் கொடுத்தவன் போதும் என்று எப்படிச் சொல்வது?

கை கழுவப் பின்பக்கம் போனபோது துண்டோடு வந்தாள்.

"என்னயப் பஞ்சத்துல அடிபட்டவன் ஆக்கிட்டியே" என்றேன்.

"அம்மாகிட்ட காட்டத்தான் மாத்துனேன். ஏக்கம்னா ஆடி முடியட்டும்பாக. பசின்னா அவியளுக்குத் தாங்காது."

"அது சரி. கடைசியில ஜி-ய விட்டுட்டயே?"

"ஜி-யும் போட்டேன், சி-யும் போட்டேன்."

அந்த c-யை நான் யோசிக்கவே இல்லை. அதையும் சேர்த்துப் போட்டால் எடிட்டர் தானாக மாற்றாது. ஒவ்வொரு இடத்திலும் நின்று, மாற்றவா என்று கேட்கும். சரியென்றால் y, வேண்டாமென்றால் n.

"எல்லாத்துக்கும் சரின்னேன். கடசி வரியில ரெண்டாவது ஏக்கத்துல வந்து கேட்டப்ப மட்டும் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"அது என்னயக் கேட்டதுல்ல?" அவள் இப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். "கேள்வியவே மாத்திட்டா, பதில் எப்படிச் சொல்லுதது?"

துண்டின் மறு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். கை துடைக்கத்தான் என்றே வைத்துக்கொள்வோம்.

"ஒங்கம்மா அந்த வரியப் படிக்கலையா?"

"படிச்சாக. அந்த வரிய மட்டும் ரெண்டு தரம் படிச்சாக. பொறவு, மாப்பிள்ளையச் சாப்பிடக் கூப்பிடுவோம்னாக."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "கை கழுவ இம்புட்டு நேரமா? வாங்க மாப்ள, பாயசம் இருக்கு." குரல்தான் வந்தது. அவர் வரவில்லை. நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் கை கழுவினோம்.

சாயங்காலம் வாசல்வரை வந்து நின்றாள். தொடுவதற்கு வழியில்லை, தெரு முழுக்கத் தேர்க் கூட்டம். ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பவாச்சும் பசி அடங்குச்சாலே?"

"இல்லம்மா" என்றேன்.

அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.